சர்ட்டிபிகேட் உண்டா?

கேள்வி: எங்கள் மகளுக்குப் பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரியை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, ஹெலீன் புயலில் அடிபட்ட ஆஷ்வில் பக்கம் போய் வீடுகளைச் சீர்செய்யும் தன்னார்வலர் குழுவில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்கு ஏதோ தருவார்களாம். புயல் அடித்து ஓய்ந்து இவ்வளவு நாளான பிறகு அங்கே என்ன வேலை இருக்கப்போகிறது? போய்த்தான் தீருவேன் என்றால், சர்ட்டிபிகேட்டாவது தருவார்களா?
— ஒரு தாய், ஷார்லட், வட கரோலைனா

பதில்: சர்ட்டிபிகேட்டெல்லாம் கேட்டால் தருவார்கள், கவலை வேண்டாம். ஆனால் அந்த வேலையில் அதைவிட மதிப்புள்ள காகிதம் ஒன்று உண்டு. காலையில் வேலை தொடங்கும் முன் நீட்டுவார்களே, வருகைத் தாள். பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து. அவ்வளவுதான். அமெரிக்காவில் பெரும் பேரிடர் என்று அறிவித்துவிட்டால், இடிபாடு அகற்றுவது, சாலை, பாலம், குடிநீர்க் குழாய் போன்ற பொதுச் செலவில் பொதுவாக முக்கால் பங்கை மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா ஏற்கும். மீதியை மாநிலமும் ஊர் நிர்வாகமும் போட வேண்டும். வருமானமே ஆற்றோடு போய்விட்ட ஒரு சின்ன மலையூர் கால் பங்குக்கு எங்கே போகும்? அதற்குத்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இடிபாடு அகற்றியது, ஆளைத் தேடி மீட்டது, முகாமில் சோறு போட்டது போன்ற வேலைகளில் தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரத்துக்குக் கூலி மதிப்புப் போட்டு, ஊர் தன் பங்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். தாள் இருந்தால்தான் கழிக்க முடியும். ஆகவே உங்கள் மகளிடம் சொல்ல ஒரே ஒரு புத்திமதி இருக்கிறது: எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் வராதே அம்மா.

அவள் வாங்கி வரப்போகும் காகிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் விட்டுவிட்டு வரப்போகும் காகிதம் ஓர் ஊருக்கே பணமாகலாம்.

அடுத்து, "இவ்வளவு நாளான பிறகு என்ன வேலை?" இந்தக் கேள்வியைப் பல வருஷமாகப் பலரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. புயல் அடித்த வாரத்தில் கேமரா இருக்கும், மந்திரி இருப்பார், தண்ணீர் பாட்டில் லாரி லாரியாக வரும். வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகுதான் ஒரு குடும்பத்தின் உண்மையான துன்பம் ஆரம்பம். நியூ ஆர்லியன்ஸைப் பாருங்கள். 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரினா புயல் வந்தது. ராணுவப் பொறியாளர் படை கட்டிய கால்வாய்ச் சுவர்கள், தாங்கும் என்று கணக்குப் போட்ட அளவுக்குத் தண்ணீர் ஏறும் முன்பே சில இடங்களில் சரிந்தன. நகரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் முழுகியது. முழுசாக இறைத்து முடிக்க அக்டோபர் ஆனது. பக்கத்தில் உள்ள செயின்ட் பெர்னார்ட் பாரிஷில் (நம் மாவட்டம் மாதிரி) வீடு கட்டித்தர 2006-ல் இரண்டு பேர் தொடங்கிய அமைப்பு, பிறகு ஊர் ஊராக வளர்ந்து, எந்த மாநிலத்தில் புயல் அடித்தாலும் போய் நிற்கும் அளவுக்குப் பெருகியது. வேலை இல்லாமலா பெருகியது?

உங்கள் ஊருக்கே வருவோம். ஷார்லட்டிலிருந்து ஆஷ்வில் காரில் இரண்டு மணி நேரம் சொச்சம். 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரை ஏறிய ஹெலீன், கடலே இல்லாத மலைநாட்டில் போய் ஆறுகளைப் பெயர்த்துவிட்டது. ஆஷ்வில் வழியாக ஓடும் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 1916-ம் வருஷத்து வெள்ளத்தையும் மிஞ்சியது. வட கரோலைனாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஆஷ்வில்காரர்கள் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க நவம்பர் 18 ஆனது. அதற்கு முந்தைய வாரங்களில் குழாயே வறண்டு கிடந்தபோது அங்கே இளைஞர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். வயதானவர்கள் இருக்கும் அடுக்குமாடிகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிப் போனார்கள். குடிக்க அல்ல, கழிப்பறையில் ஊற்ற. எண்பது வயதில் முழங்கால் வலியோடு மேல்மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடையாது. இதைப் படம் எடுத்துப் போட யாருக்கும் தோன்றாது. அதனாலேயே எனக்கு அந்த வாளி தூக்கிய பிள்ளைகள் மீது மரியாதை கூடுகிறது.

வீட்டு வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கத்ரினாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் போய் உழைத்த நம் வாசகர் ஒருவர் என்னிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். முதலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவே கூடாது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் உள்ளே இருந்த இறைச்சி என்ன கதியில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேப் போட்டு இறுகச் சுற்றி, நாலு பேர் பிடித்து அப்படியே தெருவோரம் வைக்க வேண்டும். தெருவோரத்திலும் கண்ட இடத்தில் போட முடியாது. குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு ஒரு குவியல். டிவி, கம்ப்யூட்டர் ஒரு குவியல். பெயின்ட், மருந்து, ரசாயனம் தனி. மரம் மட்டை தனி. லாரிகள் தனித்தனியாக வருகின்றன.

அப்புறம் சுவர். அங்கே வீடுகளின் உட்சுவர் செங்கல் அல்ல, மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தண்ணீரை உறிஞ்சி ஏற்றிக்கொள்ளும். ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேல் வரை அறுத்து எடுத்து, உள்ளே இருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சையும் பிடுங்கி, மரச்சட்டத்தில் நிற்கும் ஆணிகளை ஒன்று விடாமல் கழற்ற வேண்டும். ஓர் ஆணி விட்டுப்போனாலும் புதுப் பலகை சரியாக உட்காராது. கம்பித் தூரிகையால் பூஞ்சையைத் தேய்த்து, ஈரம் அளக்கும் கருவியை மரத்தில் குத்திப் பார்த்து, காய்ந்தது என்று உறுதியான பிறகே பலகை அடிப்பார்கள். அவசரப்பட்டு மூடினால் சுவருக்குள் பூஞ்சை மறுபடி வளரும், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சு இழுக்கும், எல்லாவற்றையும் திரும்பப் பெயர்க்க வேண்டும்.

நான் இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த வேலையில் பொருளைத் தூக்குவது சுலபம், வீட்டுக்காரர் முன்னால் தூக்குவதுதான் கஷ்டம். அந்த வாசகர் போன ஒரு வீட்டில், வீட்டுக்கார அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். உள்ளிருந்து வரும் ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் குவியலில் போட்டார்கள். ஊறி உப்பிப்போன ஒரு சமையல் நோட்டு வந்தது. மை கரைந்து ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானம் வரை கீழே வைக்கவில்லை. பையன்கள் அவசரப்படுத்தாமல் மற்ற அறைகளைப் பார்த்தார்கள். பத்தொன்பது இருபது வயதில் இப்படிக் காத்திருக்க எந்தக் கல்லூரியில் சொல்லித்தரப் போகிறார்கள்?

பேரிடர் நடந்த ஊருக்குப் பழைய துணி அனுப்பும் விஷயத்தில் எனக்கும் சில நல்ல மனிதர்களுக்கும் நடக்கும் சண்டை நம் வாசகர்களுக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் பழைய துணி மலையாகக் குவிந்து, கேட்பாரில்லாமல் கிடந்தது. வீட்டையும் படகையும் இழந்தவர்கள் நாம் கழித்துப்போட்ட சட்டைக்குக் கை ஏந்துவார்கள் என்று எப்படி நினைத்தோம்? அமெரிக்காவிலும் ஒவ்வொரு புயலுக்கும் இதே கூத்துதான். துணியைப் பிரிக்கவே நூறு பேர் வேண்டும். அந்த நூறு பேர் ஒரு வீட்டின் ஆணியைப் பிடுங்கப் போயிருக்கலாம். ஆகவே மகளைப் பார்க்கப் போகும்போது ஷார்லட் நண்பர்கள் மூட்டை மூட்டையாகத் துணி கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சம்பளம் இல்லை என்றீர்கள். அதில் உங்கள் வருத்தம் நியாயம். இளைஞர்களின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அமெரிக்க அரசின் தன்னார்வச் சேவை அமைப்பான அமெரிகார்ப்ஸின் என்சிசிசி அணியில் 18 முதல் 26 வயது வரை உள்ளவர்கள் சேர்ந்துவந்தார்கள். சிறு குழுவாகச் சேர்ந்து வாழ்ந்து, வேனில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத் தரையிலோ தேவாலயக் கூடத்திலோ படுத்து எழுந்து வேலை செய்வார்கள். தங்க இடம், சாப்பாடு, சிறு உதவித்தொகை, முடித்தால் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு தொகை. 2025 ஏப்ரலில் அந்த அணியினரைச் செலவுக் குறைப்பு என்று சொல்லிப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது ஹெலீன் அடித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. மிச்சம் பிடிக்க வேறு இடமே கிடைக்கவில்லையா?

எனவே எந்த அமைப்பு என்பதை நீங்களே விசாரியுங்கள். மருத்துவக் காப்பீடு யார் தருகிறார்கள், பூஞ்சை வீட்டுக்குள் அனுப்பும் முன் என்-95 முகக்கவசமும் பயிற்சியும் உண்டா, அணித் தலைவருக்கு அனுபவம் எத்தனை வருஷம், வாரத்தில் ஓய்வு நாள் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு அமைப்பைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாள் என்று பாருங்கள், பத்து வருஷம் தாண்டியிருந்தால் போட்டுவிட்டு அனுப்புங்கள். ஆணி குத்தாத தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.