வெள்ளைக் கால் நாயும் ஆட்டு ஊசியும்

வணக்கம் சார்,

நாங்கள் மதுரை திருநகர்ப் பக்கம் இருக்கிறோம். பிளஸ் டூ முடித்த என் பெண் நாய்க்குட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அதுவும் ஷெல்டி என்கிற ஷெட்லாந்து ஷீப்டாக்தான் வேண்டுமாம். படத்தில் பார்த்தால் ஆடு மேய்க்கிற கோலி ஜாதி நாயைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்கிறது, விற்பவரும் 'மினி கோலி' என்றுதான் சொல்கிறார். இவ்வளவு முடியுள்ள நாய் நம் ஊர் வெயிலைத் தாங்குமா? கோடையில் மொட்டை அடித்துவிடலாமா? வேறு என்னென்ன நோய் வரும்? உண்ணிக்குப் பயப்பட வேண்டாம், எங்கள் ஆட்டுக்குப் போடுகிற ஊசியையே நாய்க்கும் போட்டுவிடலாம் என்கிறார் பின்தெருவில் ஆடு வளர்க்கும் அண்ணன். உங்கள் எழுத்தில் நாய்கள் அடிக்கடி வருவதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

வணக்கம்மா,

நீங்கள் வெயிலில் ஆரம்பித்திருக்கிறீர்கள், நான் உங்கள் கடைசிச் செய்தியில் இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஊசி வேண்டாம். குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பின்தெரு அண்ணனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்த மாதிரி உதவியெல்லாம் நாம் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் நடக்கும்.

அவர் சொல்வது ஐவர்மெக்டினாகத்தான் இருக்கும். நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை, கண்டுபிடித்தவர்களுக்கு 2015ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் ரத்தத்தில் வரும் சில மருந்துகளை மூளைக்குள் விடாமல் வெளியே தள்ளுவதற்கென்று உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. கோலி வம்சத்து நாய்கள் பலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் நாலே நாலு எழுத்து விட்டுப்போய், அந்தப் புரதம் சரியாக உருவாவதில்லை. வாசலில் ஆளில்லாத வீடு மாதிரி, மருந்து நேரே மூளைக்குப் போய்விடும். காரணம் 2001ல்தான் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வெள்ளைக்கார டாக்டர்களிடம் 'கால் வெள்ளையா, மருந்து வேண்டாம்' என்று ஒரு வாய்ப்பாடே உண்டு. ஷெல்டியும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். எல்லா ஷெல்டிக்கும் இந்தக் குறை கிடையாது, எதற்கு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சித்தி வீட்டு ஷெல்டி மணிக்கு ஊசி போட்டபோது தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான்தான். சித்தி வீடு திருமங்கலத்தில். ஒரு ஐப்பசி மழைக்கு அப்புறம் மணியின் காதுக்குள் உண்ணிகள் ஆமணக்குக் கொட்டை மாதிரி ஊதிக் கிடந்தன. அந்தப் பக்கத்து ஆடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். ஐவர்மெக்டின் ஒரு சதவீதம் உள்ள அந்த மருந்தில் ஆட்டுக்கு ஐம்பது கிலோவுக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. மணி மொத்தமே ஒன்பது கிலோ. அவர் கண்ணளவாக அரை மில்லி ஏற்றினார், அவரைக் குறை சொல்லவும் முடியாது, அதே அளவைத் தெருநாய்களுக்குப் போட்டு ஒன்றும் ஆகாமல் பார்த்தவர். சாயங்காலம் மணியின் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. நடக்கிற இடமெல்லாம் குடித்தவன் மாதிரி சாய்ந்து, தண்ணீர்க் குடத்தில் போய் மோதியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி விரிந்து அப்படியே நிற்கிறது. காலையில் தலையைத் தூக்கவில்லை.

இதற்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பு தானாக வெளியேற்றும் வரைக்கும் உயிரைப் பிடித்து வைக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். டிரிப் ஏற்றினோம், படுக்கைப்புண் வராமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டோம், கண் சிமிட்டாததால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தோம். மணிக்கு ஒரு பழக்கம், குக்கர் விசில் அடித்தால் அடுப்படி வாசலில் நின்று பதிலுக்குக் குரைக்கும். ஆறாம் நாள் மத்தியானம் சித்தி பருப்பு வைத்தாள், முதல் விசிலுக்கு இடது காது மட்டும் லேசாகத் திரும்பியது. சித்தி அடுப்பை அணைக்காமல் விசில் விசிலாக விட்டுக்கொண்டே இருந்தாள், அன்றைக்குப் பருப்பு கூழாகிவிட்டது. மணி பிழைத்துக்கொண்டது.

அதனால் முடிந்தால் ஒரு தடவை இந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பினால் போதும், ஆயுசுக்கும் ஒருமுறைதான். செய்யவில்லை என்றால் குறை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் போட்டுக்கொள்ளும் லோபிரமைடு மாத்திரையும் இந்த நாய்களுக்கு ஆகாது. கருத்தடை ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதிலும் சிலவற்றை அளவு குறைக்க வேண்டியிருக்கும். இதயப்புழுவுக்கான மாத்திரை டப்பாவில் ஐவர்மெக்டின் என்று பார்த்துவிட்டுப் பதற வேண்டாம், அதில் இருப்பது கிலோவுக்கு ஆறு மைக்ரோகிராம்தான், டாக்டர் சொன்ன அளவில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆட்டுக்குப் போடுவது கிலோவுக்கு இருநூறு.

சரி, உண்ணிக்கு என்ன செய்வது? தினமும் பார்த்து எடுப்பதுதான் முதல் வைத்தியம். காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கு, இந்த மூன்றையும் விடாதீர்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். ஃப்ளூரலானர் மாதிரியான மாத்திரைகளை இந்த மரபணுக் குறை உள்ள கோலிகளுக்கே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள், வலிப்பு வந்த நாயாக இல்லாவிட்டால் டாக்டரைக் கேட்டுக் கொடுக்கலாம். உண்ணிக் காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். சோறு தின்னாமல் ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தால் ரத்தம் பார்த்துவிடுங்கள், ஈறு வெளுக்கும் வரை, மூக்கில் ரத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது வெயில். ஸ்காட்லாந்தின் வட கோடியில், கடலுக்கு நடுவில் இருக்கும் ஷெட்லாந்து தீவுகள்தான் இதன் ஊர், அங்கே கோடை என்பதே பதினைந்து டிகிரியை ஒட்டித்தான். நாம் இங்கே நாற்பதில் கிடக்கிறோம். ஆனாலும் மொட்டை அடிக்காதீர்கள். மேலே நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, இரண்டும் சேர்ந்துதான் வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது, சிரைத்துவிட்டால் பழையபடி வளருமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அடிமுடி வரைக்கும் சீவி உதிர்ந்ததை எடுத்துவிட்டால் காற்றுப் போகும். நடையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். பகலில் மொசைக் தரையும் மின்விசிறியும் இருந்தால் சமாளித்துவிடும், மொட்டை மாடியில் கட்டிவைக்கிற எண்ணம் இருந்தால் இந்த ஜாதியே வேண்டாம்.

'மினி கோலி' என்பது விற்பவர் பேச்சு. தீவில் இருந்த சின்ன நாய்களோடு பிற்பாடு கோலி ரத்தமும் கலந்தது. 1909ல் நாய் ஜாதிகளைப் பதிவு செய்கிற இங்கிலாந்துக் கென்னல் கிளப் ஷெட்லாந்து கோலி என்ற பெயரில் ஏற்றுக்கொள்ள, கோலிக்காரர்கள் சண்டைக்கு வந்து, அப்புறம்தான் ஷெட்லாந்து ஷீப்டாக் என்று மாற்றினார்கள். குட்டியைப் பார்க்கப் போகும்போது அப்பா அம்மா இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். நீலச்சாம்பலில் கறுப்புத் திட்டு விழுந்த நிறத்தை மெர்ல் என்பார்கள், இரண்டுமே மெர்ல் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அந்த ஜோடிக்குச் செவிடாகவோ குருடாகவோ சில குட்டிகள் பிறக்கலாம். கண்ணின் உள்ளே வருகிற கோலி வகைக் கோளாறு ஆறேழு வாரத்தில்தான் நன்றாகத் தெரியும், வளர்ந்த பிறகு மறைந்தும் போகலாம், அதனால் குட்டியிலேயே காட்டிவிடுங்கள். பித்தப்பைக் கோளாறும் ரத்தத்தில் கொழுப்பும் இந்த ஜாதியில் அதிகம், எனவே ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கொழுப்பு, நெய்ப்பொங்கல் எல்லாம் வேண்டாம். உங்கள் பெண்ணைவிட உங்கள் மாமியாரிடம்தான் இதைச் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கிடைகளில் நாய்க்குக் காவல்தான் வேலை, ராத்திரி கிடையைச் சுற்றிப் படுத்திருக்கும், ஆட்டைத் திருப்புவது மேய்க்கிற கீதாரியின் குரலும் கம்பும். ஷெல்டிக்குத் திருப்புவதுதான் வேலை, அதையும் குரைத்தே செய்யும். ஆடு இல்லாத வீட்டில் பிள்ளைகளை வட்டமடிக்கும், அதுவும் இல்லையென்றால் தெருவில் போகிற ஸ்கூட்டரை மடக்கப் பார்க்கும். மணி இரண்டு தடவை பால்காரர் வண்டிக்கு அடியில் போயிருக்கிறது. கேட்டைச் சாத்தியே வையுங்கள்.