பாலத்தடியில் எடுக்கிற படங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சிவில் டிப்ளமா முடித்துவிட்டு சேலத்தில் சைட் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். எங்கே போனாலும் பாலத்தடி, மேல்நிலைத் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர் என்று படம் எடுக்கிற பழக்கம் இருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்களும் இப்படித்தான். கல்யாணத்துக்குப் போனால்கூட எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொண்டு வருகிறான் என்று வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள். போனில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. இதனால் யாருக்காவது பயன் உண்டா? எப்படி எடுத்தால் பயன்படும்? சேர்ந்து கிடப்பதை என்ன செய்வது?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பயன் உண்டு. எடுத்த படத்தைத் திரும்பப் பார்த்தால்தான் உண்டு. அமெரிக்காவில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1 மாலை, வண்டிகள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். இரும்புச் சட்டங்கள் வந்து கூடும் இடத்தில் அவற்றைப் பிணைக்கும் தகடுதான் கஸெட் பிளேட். யூ10 என்ற இணைப்பில் அது அரை அங்குலத் தடிமன்தான் இருந்தது. வேண்டியதில் ஏறக்குறைய பாதி. 1960களில் வடிவமைத்தபோதே நேர்ந்த பிழை. விபத்துக்குப் பிறகு பழைய படங்களைப் புரட்டியபோது 1999லும் 2003லும் எடுத்தவற்றில் அதே தகடு வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. அதை ஆபத்து என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, மெம்ஃபிஸ் நகரில் அதே ஆற்றின் மேல் உள்ள ஐ-40 பாலம். 2021 மே 11 அன்று ஆய்வுக்குப் போனவர்கள், வளைவைக் கட்டி இழுத்துப் பிடிக்கும் டை கர்டர் என்ற உத்திரத்தில் பெரிய முறிவைக் கண்டு உடனே போக்குவரத்தை நிறுத்தச் செய்தார்கள். பிறகு தேடியபோது 2019ல் எடுத்த ட்ரோன் காட்சியில் அந்தச் சேதம் இருந்தது. அதற்கும் முன்னால், 2016ல் ஆற்றில் துடுப்புப் படகில் போன ஒருவர் எடுத்த படத்திலும் விரிசல் இருந்தது. ஐந்து வருடம் வண்டிகள் அதன் மேல்தான் ஓடின. அந்தப் படகுக்காரர் செய்ததைத்தான் நீங்கள் ஊர் ஊராகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் உங்கள் பழக்கத்தை யாராவது வெட்டிவேலை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி, எதை எடுப்பது? பாலத்தின் முழு உருவத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். சேதம் தொடங்குகிற இடம் பெரும்பாலும் கர்டரின் முனை, அதாவது மேலே, தளம் விரிய விட்ட இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், நேர் கீழே கர்டர் உட்காரும் பேரிங், அதற்கும் கீழே பியரின், அதாவது தூணின், தலைப்பகுதியான பியர் கேப். ஜாயின்டின் ரப்பர் கிழிந்தால் மழைத்தண்ணீர் மண்ணோடு சேர்ந்து பியர் கேப்பில் இறங்கித் தேங்கும். அந்த ஈரம் கர்டர் முனையில் உள்ள கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் அடைப்பதால் மேலிருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கும். முதலில் கம்பி போகிற கோட்டிலேயே விரிசல் வரும், பிறகு பழுப்புக் கறை, பிறகு பாளமாக விழும். வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்த விரிசலின் வழியாகத் தண்ணீர் ஊடுருவிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். காய்ந்த விரிசலைவிட அதுதான் அவசரம்.

பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அவசரத்தில் தப்பாகப் படிக்கப்படுவது அதுதான். நம் மேம்பாலங்களில் பெரும்பாலும் இருப்பது எலாஸ்டோமெரிக் பேரிங். உள்ளே எஃகுத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து வார்த்த ரப்பர் கட்டை. வெயிலில் டெக், அதாவது பாலத்தின் தளம், நீளும்போது ரப்பர் சாய்ந்து கொடுக்கும். 30 மீட்டர் கர்டருக்கு வெப்பம் 20 டிகிரி ஏறினால் நீட்சி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஆகவே சாய்வு இருப்பதே குறை ஆகாது. தகடுகளுக்கு நடுவே ரப்பர் சீராக லேசாகப் பிதுங்குவதும் இயல்புதான். ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால், கிடைமட்டமாகக் கிழிந்திருந்தால், கட்டை தன் பீடமான பெடஸ்டலை விட்டு நகர்ந்திருந்தால் கவனிக்க வேண்டும். சாய்வு, அதாவது மேல்முகம் கீழ்முகத்தைவிட நகர்ந்த தூரம், மொத்த ரப்பர் தடிமனில் சுமார் 0.7 பங்கைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வடிவமைப்பு எல்லை. 50 மில்லிமீட்டர் ரப்பருக்கு 35 மில்லிமீட்டர்.

இதனால்தான் ஒரே படம் போதாது. மார்கழிக் காலையில் ஒன்று, சித்திரை மதியம் மூன்று மணிக்கு ஒன்று, இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்க வேண்டும். வெப்பத்தோடு சாய்வு மாறினால் பேரிங் வேலை செய்கிறது. இரண்டிலும் அசையாமல் அதே கோணம் என்றால், ஜாயின்டில் கல்லும் தாரும் அடைத்து டெக் இறுகியிருக்கலாம், அல்லது பொருத்தும்போதே கோணலாக வைத்திருக்கலாம். ப்ரீஸ்ட்ரெஸ்ட் கர்டர் (உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டிய காங்கிரீட் உத்திரம்) என்றால் கட்டி முடித்த முதல் சில வருடங்களில் காங்கிரீட் சுருங்கிக் குறுகுவதால் பேரிங்கின் மேல்முகம் நடுப்பகுதியை நோக்கிச் சாயும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

விரிசலை எடுக்கும்போது கணக்கு ஒன்று மனதில் இருக்கட்டும். உங்கள் போன் படத்தின் அகலம் 4000 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். சட்டகத்துக்குள் 4 மீட்டர் சுவர் விழுந்தால் ஒரு பிக்ஸல் 1 மில்லிமீட்டர். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 பொதுவாக அனுமதிக்கிற விரிசல் அகலம் 0.3 மில்லிமீட்டர், தொடர்ந்து ஈரம் படுகிற இடத்தில் 0.2. அந்தப் படத்தில் அது தெளிவாகப் பதியவே பதியாது. 40 சென்டிமீட்டர் மட்டும் விழும்படி நெருங்கினால் 0.3 மில்லிமீட்டர் என்பது மூன்று பிக்ஸல் ஆகும். அதனால் ஒரு குறைக்கு மூன்று படம்: தூரத்திலிருந்து முழுப் பியர், நடுத்தரத்தில் அந்தப் பகுதி, பிறகு அளவுகோலோடு நெருக்கம். சுவருக்கு நேராக நின்று எடுங்கள். 0.5 வைட் லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும்.

அளவுக்கு நாணயம் வைக்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயம் வரிசைக்கு வரிசை விட்டம் மாறியிருக்கிறது. காலாவதியான உறுப்பினர் அட்டை, ஏ.டி.எம். அட்டை அளவில் இருந்தால் போதும். அது எங்கும் 85.6 க்கு 54 மில்லிமீட்டர். எண் தெரியாதபடி வையுங்கள். விரிசல் அகலத்தை ஒப்பிட்டு அளக்கும் கிராக் கார்டு வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வீக்கம், பெயர்ப்பு தெரிய வேண்டுமானால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக ஃப்ளாஷ் அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும்.

பாலத்தடியில் ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டும். ஆகவே முதல் படம் பியர் எண் அல்லது கிலோமீட்டர் கல். பியர் எண் எழுதவில்லை என்றால் எந்தப் பக்கத்து அபட்மென்டிலிருந்து (பாலத்தின் முனையைத் தாங்கும் சுவரிலிருந்து) எத்தனையாவது என்று எண்ணிக் குறியுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரில், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதர் உள்ள பெரிய யூனிட் என்றால், அதற்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறம், அடியில் எண்ணெய்க் கறை, மின்கம்பி இணையும் காப்பான புஷிங்கில் பிளவு, இந்த மூன்றும் போதும். ஜெல் உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. சில வகைகள் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும். வேலிக்கு வெளியே நின்று ஜூம் பண்ணுங்கள், செல்ஃபி ஸ்டிக்கை உள்ளே நீட்டவே கூடாது. ரயில்வே பாலம் என்றால் தண்டவாளப் பகுதிக்குள் இறங்காதீர்கள், 1989 ரயில்வே சட்டப்படி அது அத்துமீறல் குற்றம். அணை, மின்நிலையம் போன்ற இடங்களில் படம் எடுக்கத் தடை என்று பலகை இருந்தால் போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

சேர்ந்து கிடப்பதற்கு வருகிறேன். ஊர், பாலம், பியர் எண் என்று ஃபோல்டர் போடுங்கள், கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் இருக்கட்டும். எங்கே எடுத்தது என்று தெரியாதவற்றை அழித்துவிடுங்கள், மனசு கேட்காதுதான். ஒரே இடத்துப் படங்கள் இரண்டு கிடைத்தால் அருகருகே வைத்து விரிசலின் நுனியைத் தேடுங்கள். நுனி எந்தக் கல் வரை வந்திருக்கிறது, எந்தக் கறை புதியது என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

குறை கண்டால் தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மின்சாரம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குக் கடிதம், கூடவே மூன்று அச்சுப் படம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும், அந்த 0.3 மில்லிமீட்டர் மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.