பூவை நெருங்கிப் படமெடுப்பது எப்படி? – கேள்வி பதில்

பூக்களின் நெருக்கப்படங்களைப் பற்றி மொரீசியஸ் தமிழ் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. அது இல்லாமல் முடியாதா? – ரோஸ்ஹில் வாசகி

தாராளமாக முடியும். உங்கள் 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்றை மாட்டுங்கள். அதற்குள் கண்ணாடி கிடையாது, வெறும் குழாய்தான். அதனால்தான் விலை குறைவு. பூவின் பிம்பம் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) அதன் நிஜ அளவில் பாதியாவது விழும். மின்தொடர்பு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பல லென்ஸ்களில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது.

செம்பருத்தியின் நுனி தெளிவாக வந்தால் இதழ் மங்குகிறது, இதழ் தெளிந்தால் நுனி மங்குகிறது. என்ன செய்வது அண்ணி? – கியூப்பிப்பிலிருந்து என் நாத்தனார் மகனின் மனைவி

அண்ணி இல்லையம்மா, நான் உனக்குச் சித்தி முறை! போகட்டும், கேள்வி நல்ல கேள்வி. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள) கேமராவில், பூ சென்சாரில் நிஜ அளவிலேயே விழும் படத்துக்கு, அபெர்ச்சரை எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. செம்பருத்தியின் நடுத்தண்டோ விரல் நீளத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். எஃப் 22க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதும் மழுங்கிவிடும்.

ஆகவே எது தெளிவாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். தண்டின் நுனியில் ஐந்தாகப் பிரிந்து நிற்கும் சூல்முடிகளைப் பார்த்திருக்கிறாயா? சின்னஞ்சிறு வெல்வெட் பொத்தான்கள். அவற்றுக்குக் கீழே, தண்டைச் சுற்றி மகரந்தத்தாள்கள். ஐந்து பொத்தான்களும் போதும் என்றால் நேர் எதிரில் நின்று எடு, இதழ் மங்கினால் மங்கட்டும். தண்டு முழுவதும் வேண்டுமென்றால் பக்கவாட்டில் நின்று, சென்சார் தண்டுக்கு இணையாக இருக்கும்படி பார்த்துக்கொள். ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டே இருக்காதே. உடம்பை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்து. எல்லாமே தெளிவாக வேண்டும் என்று அடம்பிடித்தால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கலாம். எனக்கு அந்த முறை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பூ பிளாஸ்டிக்கில் செய்தது போல ஆகிவிடுகிறது.

சிவப்புப் பூக்கள் ஒரே திட்டாக வருகின்றன. – வகோவா

சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டது. ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடத்தில்) சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். மொத்த வரைபடம் ஏமாற்றும். வெயில் ஏறுமுன் எடுத்தால் இதழின் நரம்புகளும் கிடைக்கும்.

பாம்ப்ளமூஸ் தோட்டத்துக் குளத்தின் பெரிய அல்லியை எப்படி நெருங்குவது ஐயா? – போர்ட் லூயிஸ் மாணவர்

நான் ஐயா இல்லை தம்பி, அக்கா. குளத்தில் இறங்க வேண்டாம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 300 மி.மீ. லென்ஸும் டிரைபாடும் போதும். அந்த அமேசான் அல்லி முதல் மாலை வெள்ளையாக விரியும். மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகிவிடும். இரண்டு நிறத்தையும் எடுக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்த நாள் போங்கள்.

நம் தீவுக்கே உரிய பூவில் எதை எடுக்கலாம்? – கத்ர் போர்ன் ஆசிரியர்

கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி, ஐயா. 1992 முதல் நம் தேசியப் பூவாக இருக்கும் டிரோகெட்டியா பூட்டோனியானா. இங்கே 'பூக்ள் தொரேய்', அதாவது காதணி, என்பார்கள். இயற்கையில் அது வளர்வது லெ மோர்ன் மலையில் மட்டுமே. சிவந்த மணி போலத் தலைகீழாகத் தொங்கும். மேலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். தாழ்ந்து, கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். ஒரு வெள்ளை அட்டையால் உள்ளே ஒளியைத் திருப்புங்கள். அப்போது தெரியும், அதன் தேனும் சிவப்பு!

பெரும்பாலான பூக்களின் தேனுக்கு நிறம் இல்லை. இங்கே ஏன் இப்படி? நம் தீவின் பச்சைப் பகற்பல்லிகள் தேன் குடிக்கப் பூக்களுக்கு வருபவை. செயற்கைப் பூக்களை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், நிறமற்ற தேனைவிட நிறமுள்ள தேனையே அவை அதிகம் நாடின. ஆகவே பூவுக்குள் ஒரு பல்லி தலையை விட்டிருந்தால் விரட்டாதீர்கள், அதுதான் உங்கள் படம். கிளையை வளைக்கவும் வேண்டாம், கீழே முளைத்திருக்கும் நாற்றுகளை மிதிக்கவும் வேண்டாம். அரிய செடி அது.

இதழில் தண்ணீர் தெளித்து எடுக்கலாமா? – ரோஸ்ஹில்

மேட்டுநிலத்துக் கியூப்பிப்பில் மழைக்கா பஞ்சம்? அங்கே போய் மழைத்துளியோடு எடுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்திவலை போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. – கியூப்பிப்

பூஞ்சை. மேட்டுநிலத்து ஈரத்தின் வேலை. துணியால் துடைத்தால் போகாது, அது உள்ளே இருக்கிறது, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மற்ற லென்ஸ்களைத் தோல் உறையிலிருந்து எடுத்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது காயவைப்பது என்று அதுவே சொல்லிவிடும்.