மெல்லிய குழாயில் ஏன் ஓட்டை விழுகிறது?

கேள்வி: பூந்தொட்டி வைக்க 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் குழாயில் ஸ்டாண்டு செய்கிறேன். 2.6 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு, 80 ஆம்பியர். தொட்ட இடமெல்லாம் ஓட்டை. இன்வெர்ட்டர் மெஷின் சரியில்லையா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மெஷினைக் குறை சொல்ல வேண்டாம், சூடுதான் அதிகம். 2.0 மில்லிமீட்டர் இ6013 வகை ராடுக்கு மாறி, 40 ஆம்பியரில் தொடங்குங்கள். ராடு ஒட்டிக்கொண்டால் ஐந்தைந்தாகக் கூட்டலாம். ராடை மைனஸ் முனையில் மாட்டினால் மெல்லிய இரும்பு தாங்கும்.

பெரும்பாலான ஓட்டைகளுக்குக் காரணம் இடைவெளி. இரண்டு குழாயும் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருந்தும்வரை ராவுங்கள். இதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது. எதிரெதிராக நான்கு டேக் (பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) அடித்து, 10 மில்லிமீட்டர் துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி வெல்டு செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் வெல்டின் மேல் படியும் கசடைத் தட்டி, சிவப்பு மறையும்வரை பொறுங்கள். விழுந்த ஓட்டையைப் பின்னால் தாமிரத் தகடு வைத்து மூடலாம். தாமிரம் வெல்டில் ஒட்டாது.

இரு முனையும் மூடிய குழாயில் முன்கூட்டியே 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இல்லையேல் உள்ளே சூடான காற்று கடைசி வெல்டை ஊதித் தள்ளிவிடும்.

துத்தநாகம் பூசிய குழாயா? இணைப்பைச் சுற்றி 25 மில்லிமீட்டர் பூச்சை உரித்துவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். துத்தநாகப் புகை குளிர்காய்ச்சல் வரவைக்கும். நம்மூர் ஈரக்காற்றில் ராடு சீக்கிரம் நமத்துப்போகும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மழை நனைத்த தரையில் வெல்டிங் கூடவே கூடாது.