மொரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக்: புது ஹப் கடைவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, டொயோட்டா விட்ஸ் காரின் டிஸ்க்கையும் கேலிப்பரையும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பொருத்த விரும்புகிறேன். அப்படியே நாலு துளைகள் 100 மி.மீ. விட்ட வட்டத்தில் அமைந்த அலாய் சக்கரங்களையும் போட ஆசை. எங்கள் ஊர் லேத் பட்டறையில் பழைய ஹப்பை (சக்கரம் மாட்டும் குடத்தை) மாதிரிக்குக் கொடுத்தால் அலுமினியத்தில் புது ஹப் கடைந்து தருவதாகச் சொல்கிறார்கள். நம்பிச் செய்யலாமா ஐயா? — ஒரு வாசகர், யாழ்ப்பாணம்.

பதில்: செய்யலாம். ஆனால் நீங்கள் சொன்ன வழியில் அல்ல. அலுமினியம் வேண்டாம், பழைய ஹப்பை மாதிரியாகக் கொடுப்பதும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களுக்குப் புது ஹப் தேவைதானா என்று பார்த்துவிடுவோம்.

1962க்குப் பிறகு வந்த 1098 சி.சி. மைனரில் முன் டிரம் 8 அங்குலம். அதற்கு முந்தையவற்றில் 7 அங்குலம். உங்களுடையது 8 அங்குல வண்டி. அந்த முன் டிரம்மில் இரண்டு ஷூக்களும் சுழலும் திசையிலேயே இழுபட்டுத் தாமாகவே இறுகும் அமைப்பு இருக்கிறது. அதனால்தான் மிதியின் அழுத்தத்தைக் கூட்டும் சர்வோ இல்லாமலே மிதி இலகுவாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் மட்டும் ஓட்டுபவர் என்றால், டிரம்மை வட்டம் பார்த்துக் கடைந்து, நல்ல லைனிங் ஒட்டி, வீல் சிலிண்டர்களைப் புதிதாக்கினாலே போதும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக முழுக் குடும்பத்தோடு இறங்குவது உங்கள் வழக்கமானால் கதை வேறு. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடி தளரும். டிஸ்க் அங்கேதான் உண்மையில் உதவும். ஒரே ஒரு தடவை அழுத்தி நிறுத்துவதில் டயரின் பிடிதான் எல்லை. டிஸ்க் அதைக் கூட்டித் தராது.

டிஸ்க் என்று முடிவெடுத்தால், என் முதல் ஆலோசனை பழைய ஹப்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மைனரின் நாலு ஸ்டட்டுகளும் (சக்கர நட்டு ஏறும் தண்டுகள்) 4 அங்குல, அதாவது 101.6 மி.மீ. வட்டத்தில் நிற்கின்றன. விட்ஸ் டிஸ்க்கில் துளைகள் 100 மி.மீ. வட்டத்தில். ஆகவே டிஸ்க்கை 45 பாகை திருப்பி, பழைய துளைகளுக்கு நடுவில் 101.6 மி.மீ. வட்டத்தில் புதிதாக நாலு துளை போட்டால் வேலை முடிந்தது. பழைய துளையின் மையத்துக்கும் புதுத் துளையின் மையத்துக்கும் இடையே ஏறத்தாழ 38.6 மி.மீ. இருக்கும், வலுவுக்குக் குறைவில்லை. டிஸ்க்கைக் கழற்ற உதவும் எம் 8 திருகுத் துளைகள் அதே இடத்தில் குறுக்கிட்டால் சில பாகை தள்ளிப் போடுங்கள். டிஸ்க்கின் நடுத்துளையை ஹப்பின் நடுவில் நீட்டியிருக்கும் கழுத்தில் ஆட்டமில்லாமல் உட்காரும்படி பெரிதாக்கவோ, வளையம் கடைந்து சேர்க்கவோ வேண்டும். இதைக் கையால் புள்ளி குத்தித் துளைக்காமல், மில்லிங் மெஷினில் சுழல் மேசை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஸ்டட் மட்டும் நீளமானதாக மாற வேண்டி வரலாம். நட்டின் முழு உயரத்துக்கும் மரை பிடிக்க வேண்டும்.

இந்த வழியில் சக்கரம் மாறாது, பேரிங் மாறாது, வண்டியின் பாரத்தைத் தாங்கும் உறுப்பு எதுவும் மாறாது. கெட்டுப்போனால் கெடுவது ஒரு டிஸ்க்தான்.

அலாய் சக்கரம் வேண்டும் என்பதுதான் உங்களைப் புது ஹப்பின் பக்கம் தள்ளுகிறது. இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 100 மி.மீ. சக்கரத்தை 101.6 மி.மீ. ஸ்டட்டுகளில் அப்படியே ஏற்றி ஓட்டுபவர்கள் உண்டு. வித்தியாசம் வெறும் 1.6 மி.மீ.; ஒவ்வொரு துளையும் ஸ்டட்டிலிருந்து 0.8 மி.மீ. மட்டுமே விலகி நிற்கிறது. சக்கரம் ஏறிவிடும், நட்டும் இறுகிவிடும். ஆனால் நட்டின் கூம்பு துளையின் ஒரு பக்கத்தில் மட்டுமே உட்காரும். ஸ்டட் உள்நோக்கி வளைந்தபடி இறுகும். ஓட ஓட நட்டு தளரும், ஸ்டட்டின் அடியில் விரிசல் விழும். நட்டைக் கழற்றிப் பாருங்கள்: கூம்பில் முழு வளையமாகத் தேய்மானம் இருந்தால் சரி, பிறை வடிவில் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அந்தச் சக்கரத்தை அன்றே இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று ஆஃப்செட், அதாவது சக்கரம் ஹப்பில் உட்காரும் முகம் சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம். ஜப்பானிய முன்சக்கர இயக்க வண்டிகளின் சக்கரங்களில் இது பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ. வரை இருக்கும். பழைய பின்சக்கர இயக்க வண்டிகளில் அதைவிடக் குறைவு. ஜப்பானியச் சக்கரத்தை அப்படியே போட்டால் டயர் உள்ளே போய் சஸ்பென்ஷனில் உரசும். வெளியே கொண்டுவர, ஹப்பில் சக்கரம் மாட்டும் தட்டைத் தள்ளி அமைத்தால் பேரிங்கில் விழும் நெம்பு கூடும். என் அபிப்பிராயத்தில் மைனருக்கு அதன் சொந்த இரும்புச் சக்கரம்தான் அழகு, பொருத்தமும் அதுதான். தேர்வு உங்களுடையது. அலாய்தான் என்று நீங்கள் உறுதியாக நின்றால் மேலே படியுங்கள்.

அலுமினியத்தை ஏன் மறுக்கிறேன் என்று கணக்கோடு சொல்கிறேன். முன் ஹப்பில் ஹப் சுழல்கிறது, ஸ்டப் ஆக்சில் (பேரிங் ஏறும் குட்டை அச்சு) நிற்கிறது. அதனால் பேரிங்கின் வெளி வளையம் ஹப்புக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். உள் வளையம் ஆக்சிலில் வழுக்கிப் போகும் அளவில் இருக்கலாம். வெளி வளையத்தின் விட்டம் கணக்குக்காக 50 மி.மீ. என்று வையுங்கள். அதற்குத் தரும் இறுக்கம் 0.01 முதல் 0.03 மி.மீ. வரைதான். அலுமினியம் ஒரு பாகை சூட்டுக்கு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் விரிகிறது. பேரிங் எஃகு சுமார் 12. டிஸ்க்கின் சூடு ஏறி ஹப்பின் வெப்பம் 80 பாகை கூடினால், 50 மி.மீ. விட்டத்தில் அலுமினியம் எஃகைவிட 0.04 மி.மீ.க்கு மேல் அதிகம் விரிந்துவிடும். இருந்த இறுக்கம் முழுவதும் போய்விட்டது. வளையம் ஹப்புக்குள் சுழலத் தொடங்கி, மென்மையான அலுமினியத்தை அரைத்துத் துளையைப் பெரிதாக்கும். அதுவும் மலை இறக்கத்தில், நீங்கள் டிஸ்க்கை நம்பியிருக்கும் அதே நேரத்தில்.

அடுத்தது உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வளைவதால் வரும் பலவீனம். மைனரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஹப்பின் தட்டு ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. 20,000 கிலோமீட்டரில் அது ஒரு கோடி தடவையைத் தாண்டிவிடும். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. தகைவு (உலோகத்துக்குள் ஏறும் விசையின் அளவு) அதற்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி தடவை வளைந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது; ஒருநாள் விரிசல் வரத்தான் செய்யும். பந்தய வண்டிகளில் 7075 ரக அலுமினிய ஹப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் அதை அடிக்கடி கழற்றி விரிசல் சோதனை செய்கிறார்கள், குறித்த காலத்தில் மாற்றியும் விடுகிறார்கள். வீட்டு வண்டிக்கு அது ஒத்துவராது. பட்டறையில் கிடக்கும் அலுமினியக் கட்டை எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எஃகு. ஈ.என். 8 ரகம் போதும், பதப்படுத்திய நிலையில் ஈ.என். 19 கிடைத்தால் இன்னும் நல்லது. ரகமும் நிலையும் குறித்த சான்றோடு வாங்குங்கள். பழைய லொறி ஆக்சிலை வெட்டிக் கடைய வேண்டாம். குழாயில் தட்டை வெல்டிங் செய்து ஹப் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். முழுக் கட்டையிலிருந்து கடைந்தெடுப்பதே முறை. வீண்போகும் இரும்பைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம்.

பழைய ஹப்பை மாதிரியாகக் கொடுக்காதீர்கள் என்றேன். அறுபது வருடம் ஓடிய ஹப்பின் பேரிங் துளை தேய்ந்திருக்கும். லேத்காரர் அந்தத் தேய்மானத்தையே உண்மையாகப் பிரதி எடுத்துத் தருவார். புது பேரிங்கை வாங்கி அதை அளந்து, அந்த அளவிலிருந்து துளையின் அளவை வரைபடத்தில் குறியுங்கள். பழைய ஹப்பிலிருந்து எடுக்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. மைனரின் ஹப்பில் இரண்டு பால் பேரிங்குகளுக்கு நடுவே ஆக்சிலில் ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கிறது. வெளி வளையங்கள் ஹப்பின் உள்படிகளில் உட்காருகின்றன. அந்த இரண்டு படிகளுக்கும் இடையிலான தூரமும் ஸ்பேசரின் நீளமும் ஒன்றோடொன்று பொருந்தியவை. படிகளின் தூரம் கூடினால் நட்டை இறுக்கும்போது பேரிங் நசுங்கிச் சூடேறும்; குறைந்தால் சக்கரம் ஆடும். பல பட்டறைகள் விட்டத்தை மைக்ரான் கணக்கில் கடைந்துவிட்டு, இந்த நீளத்தை மட்டும் வெர்னியரில் உத்தேசமாகப் பார்த்து விடுகின்றன. இதை ஆழ மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஹப் வரைவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். விட்ஸில் பல தலைமுறைகள் இருப்பதால் டிஸ்க்கின் விட்டமும் தொப்பியின் (நடுவில் எழுந்து நிற்கும் பகுதி) உயரமும் மாடலுக்கு மாடல் மாறும். கையில் இருக்கும் டிஸ்க்கையும் கேலிப்பரையும் சக்கரத்துக்குள் வைத்து, கேலிப்பருக்கும் சக்கரத்தின் உள்விளிம்புக்கும் இடையே சில மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: இந்த வகை டிஸ்க் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே உட்காருவது. பழைய டிரம்மின் முகம் டிஸ்க்கின் தொப்பி முகத்தைவிட மெல்லியதாக இருந்தால், அந்த வித்தியாசம் சக்கரத்தை வெளியே தள்ளும். அவ்வளவு தூரம் ஹப்பின் தட்டை உள்ளே தள்ளி வரையுங்கள். இல்லையென்றால் ஸ்டீயரிங்கின் குணமே மாறிவிடும்.

கடையும் முறைக்கு வருவோம். டிஸ்க் உட்காரும் முகம் பேரிங்கின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. 65 மி.மீ. ஆரத்தில் முகம் 0.03 மி.மீ. ஆடினால், 120 மி.மீ. ஆரத்தில் டிஸ்க்கின் விளிம்பு 0.055 மி.மீ. ஆடும். அந்த அளவிலேயே மிதியில் நடுக்கம் தொடங்கிவிடலாம். முதலில் ஒரு பக்கத்துப் பேரிங் துளையைக் கடைந்துவிட்டு, மறுபக்கத்துக்குத் திருப்பிப் பிடிக்கும்போது சாதாரண மூன்று தாடைச் சக்கில் பிடிக்கக் கூடாது. அந்தத் துளையில் பொருந்தும்படி அதே லேத்தில் ஒரு மாண்ட்ரலை (ஹப்பை ஏற்றிப் பிடிக்கும் தண்டு) கடைந்து, அதை எடுக்காமல், அதன் மேலேயே ஹப்பை ஏற்ற வேண்டும். டயல் கேஜ் வைத்து ஆட்டம் 0.01 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டாவது துளை. டிஸ்க் முகத்தின் கடைசி மெல்லிய வெட்டையும், டிஸ்க்கும் சக்கரமும் நடுவில் உட்காரும் கழுத்தையும் இந்தப் பிடியிலேயே முடிக்க வேண்டும். டொயோட்டா, சுசுகி சக்கரங்களில் அந்த நடுத்துளை 54.1 மி.மீ.; ஹொண்டாவில் 56.1. உங்கள் அலாய் எதனுடையது என்று அளந்து அதற்கேற்ப வையுங்கள்.

தட்டும் உருளையும் சேரும் மூலையில் குறைந்தது 3 மி.மீ. ஆர வளைவு இருக்க வேண்டும், கூர்மூலை கூடாது. அந்த வளைவில் கடைசல் கீறல் தெரியாதபடி மெருகேற்றச் சொல்லுங்கள். ஹப் உடைந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். முடிந்ததும் சிவப்புச் சாயம் தெளிக்கும் விரிசல் சோதனை ஒன்றைச் செய்து பார்ப்பது நல்லது, செலவு அதிகமில்லை.

ஸ்டட்டை வெல்டிங் செய்ய வேண்டாம். பின்னாலிருந்து அழுத்தி ஏற்றும் பல்லுள்ள ஸ்டட்டுகளை வாங்கி, அவற்றுக்குச் சொல்லப்பட்ட அளவில் துளை போடுங்கள். டொயோட்டாவுடையது 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ.; சுசுகி, நிசானில் மரை இடைவெளி 1.25 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நட்டு ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறிப் பிறகு இறுகினால், ஸ்பானரால் பலவந்தம் செய்யாமல் மரையைச் சரிபாருங்கள்.

கேலிப்பர் பிடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரேக் பின்தட்டு மாட்டியிருந்த அதே துளைகளில் 10 அல்லது 12 மி.மீ. எஃகுத் தகட்டில் பிடி செய்து மாட்டுங்கள். டிஸ்க் கேலிப்பரின் நடுவில் ஓட வேண்டும், காற்று எடுக்கும் நிப்பிள் மேலே பார்க்க வேண்டும்.

கடைசியாக, பலர் ஹப்பை முடித்த மகிழ்ச்சியில் மறந்துவிடும் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதியை அழுத்தும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் உருளை. மைனரில் அது ஓட்டுநரின் காலடியில், சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. டிரம் பிரேக்குக்காக அதன் நுனியில் ஒரு வால்வு குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைத்திருக்கும். டிஸ்க் போட்ட பிறகும் அது இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். கடைந்த ஹப்பும் புது பேரிங்கும் அந்தச் சூட்டில்தான் வேகும். அந்த வால்வை எடுத்துவிட்டு, முன்பக்கக் குழாயில் 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) மட்டும் நிறுத்தி வைக்கும் வால்வும், பின் டிரம்முக்குப் போகும் குழாயில் 10 பி.எஸ்.ஐ. வால்வும் போடுங்கள். சிலிண்டர் கேலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் திரவம் திரும்பி வழியும்; ஆகவே முன்பக்க வால்வையும் தவிர்க்க முடியாது. மிதி முன்பைவிடக் கனக்கும், ஏனென்றால் டிரம் தந்த தானாக இறுகும் உதவி போய்விட்டது. கனம் அதிகமென்றால் சர்வோ சேர்க்க வேண்டியிருக்கும்.

பொருத்தியதும் ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்தி, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன் பூட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். பூட்டிக்கொண்டால் வண்டியை வெளியே எடுக்காமல் பின்பக்க அழுத்தத்தை முதலில் சரிசெய்யுங்கள். சில கிலோமீட்டர் ஓடியதும் ஹப்பைக் கையால் தொடாமல் அருகே கையை நீட்டிச் சூட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 100 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பானரால் மறுபடி சரிபார்த்து, ஹப்பின் ஆட்டத்தை டயல் கேஜில் இன்னொரு முறை அளந்து எழுதி வையுங்கள்.