எல்லாரும் மந்திரவாதி இல்லை

கேள்வி: ஆங்கிலச் சிறுவர் கதைகளைத் தமிழாக்கிப் பழகுகிறேன். விஸார்ட், விட்ச், வார்லாக், சோர்சரர், மெஜிஷியன் எல்லாமே என் கையில் ‘மந்திரவாதி’ ஆகிவிடுகின்றன. எப்படிப் பிரித்து எழுதுவது?
– வாசகி, திருச்சி

பதில்: அந்த ஆளுக்குச் சக்தி எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

விஸார்டின் வேர் ‘வைஸ்’. 15-ஆம் நூற்றாண்டில் அதற்கு அறிஞர் என்றே பொருள். மந்திரம் அடுத்த நூற்றாண்டில்தான் வந்து ஒட்டியது. ஆகவே இவர் படித்துத் தேறியவர். ஆனால் நம் பிள்ளைகளுக்கு மந்திரவாதி என்றால், இளவரசியைத் தூக்கிப்போய், ஏழு கடலுக்கு அப்பால் கிளியில் உயிரை ஒளித்துவைத்தவன்! நல்ல விஸார்டை அப்படி எழுதினால் முதல் பக்கத்திலேயே வில்லனாகிவிடுவார். ‘மந்திரக் கிழவர்’, ‘மந்திர ஞானி’ என்று கதைக்கேற்ப எழுதுங்கள்.

வார்லாக்கில் பலரும் சறுக்குகிறார்கள். அதில் போரும் இல்லை, பூட்டும் இல்லை. ‘போர் மந்திரவாதி’ என்பது பிழை. பழைய ஆங்கிலத்தில் அது சத்தியம் தவறிய துரோகியைக் குறித்தது, சாத்தானையும் குறித்தது. ஸ்காட்லாந்து வழக்கில்தான் சூனியக்காரன் என்ற பொருள் நிலைத்தது. கதையில் அவன் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவனா? ‘சூனியக்காரன்’ என்றே எழுதுங்கள்.

விட்ச் பெண்ணுக்கு மட்டுமான சொல்லாக இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு ‘விச்சா’, பெண்ணுக்கு ‘விச்சே’. அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 5 பேர் ஆண்கள். இன்றைய கதைகளில் பெரும்பாலும் சூனியக்காரிதான். நல்லவள் என்றால் ‘மந்திரக்காரி’ போதும்.

சோர்சரர், சீட்டுப் போட்டுக் குறி பார்ப்பதைச் சொல்லும் லத்தீன் வேரிலிருந்து வந்தவர். தீய வாடை உண்டு, ‘மாந்திரீகன்’ பொருந்தும். ‘மாயாவி’ வேண்டாம். காமிக்ஸ் வாசகர்களுக்கு மாயாவி என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் இரும்புக்கை மாயாவிதான்.

மெஜிஷியன் தொப்பியிலிருந்து முயலை எடுத்தால் வித்தைக்காரர். ஆவியை ஏவினால் மந்திரவாதி.

ஒரு விதிவிலக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை விளையாட்டில் இவற்றில் மூன்று தனித்தனிக் கதாபாத்திர வகைகள். விஸார்ட் ஏட்டைப் படித்துக் கற்றவர், சோர்சரருக்குப் பிறவியிலேயே சக்தி, வார்லாக்குக்கு ஒப்பந்தத்தால் கிடைத்தது. அங்கே பெயர்களை ஒலிபெயர்த்தே விடுங்கள். தமிழாக்கினால் விளையாடுபவர் விதிப்புத்தகத்தில் தேடித் திண்டாடுவார்.