ஜனவரியில் ஒன்டாரியோவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு ஆர்வியில் (தங்கும் வசதியுள்ள வண்டி) போகிறோம். எல்லை கடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லை கடக்கும் நாளில் வண்டி எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தண்ணீர்க் குழாய், ஃபிரிட்ஜ், விறகு மூன்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் தண்ணீர். வீட்டிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஃபர்னஸ் ஓடினால் உள்ளே கதகதப்பாக இருக்கும். தரைக்கு அடியில் போகும் குழாய்க்கும் கழிவுத் தொட்டி வால்வுக்கும் அந்தச் சூடு பல வண்டிகளில் எட்டாது. குழாயில் தேங்கிய தண்ணீர் உறைந்து விரியும்போது இணைப்புகள் வெடிக்கும். பனி உருகிய பிறகுதான் கசிவே தெரியும். குளிர்காலத்துக்கென்று குழாய்களில் ஏற்றிய இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் தடுக்கும் திரவம்) அப்படியே விட்டுவிடுங்கள். இன்ஜினுக்கு ஊற்றும் பச்சை வகை விஷம், அது இங்கே ஆகாது. குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் உள்ளே இருக்கட்டும். கழிவறைக்குத் தண்ணீருக்குப் பதில் ஆன்டிஃப்ரீஸ் ஒரு கப் ஊற்றினால் போதும்.

ஐ-75 நெடுஞ்சாலை வழியாகப் போனால் கென்டக்கி, டென்னசி மலைப்பகுதிகளிலும் ஜனவரி இரவுகள் உறையும். தொடர்ந்து இரண்டு இரவுகள் 0 டிகிரிக்கு மேல் நிற்கும் இடம் வந்த பிறகு தண்ணீர் நிரப்புங்கள். குழாய்களை அலசி, 57 லிட்டருக்குக் கால் கப் வாசனையற்ற ப்ளீச் கலந்து சில மணி நேரம் விட்டு, மறுபடி அலச வேண்டும். வாட்டர் ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் தடுத்திருந்த பைபாஸ் வால்வைத் திருப்பி, ஹீட்டர் நிரம்பிச் சூடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சார ஸ்விட்சைப் போடுங்கள். வெறும் தொட்டியில் போட்டால் சூடாக்கும் எலிமென்ட் சில நொடிகளில் போய்விடும்.

லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. டயர் காற்றை ஒவ்வொரு நாளும் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

அடுத்து ஃபிரிட்ஜ். கனடாவில் வாங்கிய ஆரஞ்சு, எலுமிச்சை கனடாவில் விளைந்தவை அல்ல, எல்லையில் பறிபோகும். வெப்பச் சிகிச்சைச் சான்று இல்லாத விறகும் அப்படித்தான். எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சொன்னால் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான்; மறைத்துப் பிடிபட்டால் அபராதம். கஞ்சா கனடாவில் சட்டப்படி விற்றாலும் எல்லையைக் கடக்கக் கூடாது, மருந்துக்கு என்றாலும்கூட. மாத்திரைகள் அவற்றின் மூல டப்பாவிலேயே இருக்கட்டும். நாய் வந்தால் 2024 ஆகஸ்ட் முதல் சிடிசி (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) படிவத்தின் ரசீது, மைக்ரோசிப், குறைந்தது 6 மாத வயது கட்டாயம்.

அமெரிக்காவில் 30 நாளோ அதற்கு மேலோ தங்குவதானால் கனடியர்களும் அந்நாட்டு அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2025 ஏப்ரல் 11 முதல் இது கடுமையாகப் பின்பற்றப்படுகிறது. ஐ-94 என்ற வருகைப் பதிவு வாங்கினால் அதுவே போதும். தரைவழியில் கேட்காமல் தரமாட்டார்கள். முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, பூத்தில் நினைவுபடுத்துங்கள்.

வரிக் கணக்கு வேறு. இந்த ஆண்டு நாட்கள், போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு: கூட்டினால் 183 தொட்டால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) கண்ணுக்கு நீங்கள் அங்கே வசிப்பவர். ஆண்டுக்கு 122 நாள் மூன்று ஆண்டுகள் இருந்தாலே சரியாக 183. ‘ஆறு மாதம் வரை கவலையில்லை’ என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். இந்த ஆண்டு மட்டும் 183 நாளுக்குக் குறைவாக இருந்திருந்தால், கனடாவோடுதான் உங்களுக்கு நெருங்கிய தொடர்பு என்று காட்டும் படிவம் 8840-ஐ அடுத்த ஆண்டு ஜூன் 15-க்குள் அனுப்பினால் போதும். பகலில் சில மணி நேரம் போய்வந்ததும் ஒரு நாள்தான்.

திரும்பும்போது அங்கே மாட்டிய டயர், சோலார் பேனல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வழியில் நேர்ந்த அவசரப் பழுதுக்குச் சலுகை உண்டு, மேம்படுத்தியதற்கு இல்லை. டீசல் வண்டியானால் ஃபுளோரிடா டீசலை டேங்க் நிறைய வைத்துக்கொண்டு மார்ச்சில் வடக்கே வராதீர்கள். தெற்கில் விற்கும் டீசல் கடுங்குளிருக்கானதல்ல. மெழுகு திரண்டு ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். டேங்கைக் காலியாக ஓட்டி, ஒஹாயோவில் நிரப்பிக்கொள்ளுங்கள்.